கையால் எழுதும் கடிதமும் தபால் கலையும்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடிதத்தைக் கையால் எழுதி, உறையையும் கையாலேயே செய்து தபாலில் போட விரும்புகிறவர்களுக்கான பக்கம் இது. இங்குள்ள கடைகளில் கிடைக்கும் பொருட்கள், இங்குள்ள மாரி, இங்குள்ள கிணற்றுத் தண்ணீர் ஆகியவற்றை மனதில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன. எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஒரு பிடிவாதம் இருக்கிறது. உறையின் முன்பக்கம் தபால்காரருக்கு உரியது. அவரால் வாசிக்க முடியாத உறை எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை.

சொல் பற்றி ஒரு குறிப்பு: 'முத்திரை' என்று சொல்வது காசு கொடுத்து வாங்கி ஒட்டுவதை மட்டும். தபால் கந்தோரில் அதன்மேல் அடிப்பதைத் 'திகதிக் குத்து' என்றும், நாங்கள் செதுக்கி மை தொட்டு அடிப்பதை 'றப்பர் அச்சு' என்றும் பிரித்துச் சொல்கிறோம்.

உறையில் படம் வரைந்தால் அது தபால் கலை ஆகிவிடுமா?

பூ வரைந்த உறை அலங்கார உறை. தபாலில் போய்வருவதையே படைப்பின் பகுதியாக எடுத்துக்கொண்டால் அது தபால் கலை. ஒட்டிய முத்திரை, திகதிக் குத்து, வழியில் விழுந்த மடிப்பு, பட்ட அழுக்கு எல்லாம் படத்துக்குள் சேர்ந்துவிடும். அமெரிக்க ஓவியர் றே ஜோன்சன் (1927–1995) தன் ஒட்டுப்படங்களைத் தெரிந்தவர்களுக்குத் தபாலில் அனுப்பிக்கொண்டே இருந்தவர். 'இதில் எதையாவது சேர்த்துத் திருப்பி அனுப்பு' என்று எழுதியும் அனுப்புவார். அவரைச் சுற்றி உருவான வட்டத்தின் வேலைகள் 1970இல் நியூயோர்க் விற்னி அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. தபால் கலைக் கண்காட்சிகளில் இன்றும் பொதுவாகக் கடைப்பிடிக்கும் வழமை மூன்று: தெரிவுக்குழு இல்லை, கட்டணம் இல்லை, அனுப்பியது திரும்பி வராது. ஓவியப் பயிற்சி இல்லாதவரும் தயங்காமல் நுழையக்கூடிய கலை இது என்பதற்கு முதலாவது வழமையே போதும்.

தொடங்குவதற்கு என்னென்ன வாங்க வேண்டும்?

அதிகம் இல்லை. 80 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 80 கிராம்) ஏ4 தாள், பிறவுண் பேப்பர் ஒன்று, பிறிஸ்டல் போட் (தடித்த அட்டை) ஒன்று, அடிமட்டம், கத்தரிக்கோல், பிளேட், பசை, நல்ல போல்பொயின்ற் பேனை ஒன்று. மடிப்பைத் தேய்க்கத் தேக்கரண்டியின் பின்புறம் போதும்.

பழைய மாதக் கலண்டர் தாள் உறைக்கு மிக நல்லது, தடிப்பும் இருக்கும். ஆனால் அதன் மினுக்கமான பக்கம் உள்ளே போகவேண்டும். மினுக்கத்தில் முத்திரையின் பசை சரியாகப் பிடிக்காது. திகதிக் குத்தின் மையும் காயாமல் அடுத்த கடிதத்தில் இழுபடும்.

உறையை வீட்டில் எப்படிச் செய்வது?

முதலில் 16.2 சென்ரிமீற்றர் நீளம், 11.4 சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு மட்டை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்கற் பெட்டி மட்டை போதும். இது சீ6 என்ற உறை அளவு, நாலாக மடித்த ஏ4 ஒற்றை இதற்குள் தளர்வாகப் போகும். இனி ஏ4 தாளில் 21 சென்ரிமீற்றர் சதுரம் வெட்டுங்கள். மிஞ்சும் 8.7 சென்ரிமீற்றர் பட்டையை எறியாதீர்கள், முகவரிச் சீட்டுக்கு உதவும்.

சதுரத்தை மூலை உங்களைப் பார்க்கும்படி திருப்பி, மட்டையை நடுவில் கிடையாக வையுங்கள். இடது வலது மூலைகளை முதலில் உள்ளே மடித்துத் தேய்க்க வேண்டும், பிறகு கீழ் மூலை, கடைசியாக மேல் மூலை. தாளை விரித்துப் பார்த்தால், பக்க மடிப்பும் மேல் கீழ் மடிப்பும் சந்திக்கும் நாலு இடங்களிலும் சிறு துண்டு மிஞ்சி நிற்கும். அதை ஆப்பு வடிவில் வெட்டி எடுங்கள். வெட்டாமல் விட்டால் மூலை தடித்துப்போகும், மற்றக் கடிதங்களோடு உராயும்போது முதலில் கிழிவதும் அந்த மூலைதான். மட்டையை எடுத்துவிட்டுக் கீழ் மடிப்பின் இரு ஓரங்களிலும் 5 மில்லிமீற்றர் அகலத்துக்கு மட்டும் பசை பூசிப் பக்க மடிப்புகளின்மேல் ஒட்டுங்கள். அகலமாகப் பூசினால் பசை உள்ளே கசிந்து, கடிதமும் உறையோடு ஒட்டிக்கொள்ளும்.

புதிதாகச் செய்கிறவர்களுக்கு அடிக்கடி நேரும் பிழை, மட்டையை இறுக்கிப் பிடித்து மடிப்பது. பிறகு கடிதம் உள்ளே போகாது. ஒரு தாளின் தடிப்பளவு தளர்வு விட்டு மடியுங்கள்.

படலை மடிப்பு என்றால் என்ன?

ஏ5 தாளை (ஏ4இல் பாதி) கிடையாக வைத்து, இரு கரையிலும் 5.25 சென்ரிமீற்றரில் மடித்தால் இரண்டு கதவும் நடுவில் வந்து சந்திக்கும். மூடிய அளவு ஏ6, மேலே சொன்ன உறைக்குள் சரியாகப் போகும். வெளியே கிடுகு வேலியும் படலையும், திறந்தால் முற்றம். வெளிநாட்டில் இருப்பவருக்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை. நடுக்கோட்டில் இரு கதவுக்கும் இடையில் ஒரு மில்லிமீற்றர் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வளையும்.

கடிதம் எவ்வளவு பெரிதாக, எவ்வளவு பாரமாக இருக்கலாம்?

90க்கு 140 மில்லிமீற்றரிலும் சிறிய உறை சர்வதேசத் தபாலுக்கு ஏற்றதல்ல. 120க்கு 235 மில்லிமீற்றருக்குள், 5 மில்லிமீற்றர் தடிப்புக்குள், 20 கிராமுக்குள் வைத்துக்கொண்டால் எங்கேயும் பிரச்சினை வராது. நீளம் அகலத்தைப்போல் 1.4 மடங்காவது இருக்கட்டும். சதுர உறை, வட்ட உறை, மாங்காய் வடிவ உறை எல்லாம் தரம்பிரிக்கும் இயந்திரத்தில் சிக்கும். இங்கே கையால் பிரிக்கும் கந்தோர் அதை ஏற்றுக்கொண்டாலும், போய்ச் சேரும் நாட்டில் இயந்திரம் இருக்கும்.

பாரத்தை மனக்கணக்காகவே பார்க்கலாம். ஏ4 தாள் பதினாறு சேர்ந்தால் ஒரு சதுர மீற்றர். ஆகவே 80 ஜிஎஸ்எம் தாள் ஒன்று 5 கிராம். அதே தாளில் செய்த 21 சென்ரிமீற்றர் சதுர உறை ஏறக்குறைய 3.5 கிராம். மூன்று ஒற்றையும் உறையும் 18.5 கிராம். அதன்மேல் ஒட்டுப்படமும் பசையும் வந்தால் 20 தாண்டிவிடும். படம் அதிகமென்றால் ஒற்றையை இரண்டாகக் குறையுங்கள்.

இலங்கைக்குள் சாதாரணக் கடிதத்தின் ஆகக்குறைந்த கட்டணம் 2022 ஓகஸ்டில் 15 ரூபாயில் இருந்து 50 ரூபாயானது. வெளிநாட்டுக் கட்டணம் நாட்டுக்கு நாடு மாறும். முத்திரை ஒட்டுவதற்கு முன் கந்தோரில் நிறுத்துக் கேட்டுவிடுவது நல்லது. கட்டணம் குறைவாக ஒட்டினால், மிச்சத்தைப் பெறுகிறவரிடம் அறவிடுவார்கள், அல்லது கடிதம் உங்களிடமே திரும்பும்.

முகவரியை எங்கே எழுதுவது? தமிழில் எழுதலாமா?

முன்பக்கத்தில் மேலிருந்து 40 மில்லிமீற்றர், வலக்கரையில் இருந்து 15, அடியில் இருந்து 15 விட்டு, வலப்பக்கமாக எழுதுங்கள். வலது மேல் மூலை முத்திரைக்கும் திகதிக் குத்துக்கும். மிச்சமுள்ள இடப்பக்கமும் பின்பக்கமும் படத்துக்கு. இந்தப் பங்கீட்டை முதலில் பென்சிலால் கோடு போட்டுப் பிரித்துவிட்டு வரையத் தொடங்குங்கள். வரைந்து முடித்துவிட்டு முகவரிக்கு இடம் தேடுவதுதான் இந்தக் கலையில் ஆகப்பெரிய தொல்லை.

வடக்குக்குள் போகும் கடிதத்துக்குத் தமிழ் முகவரி போதும். வீட்டு இலக்கம், ஒழுங்கை, வீதி, ஊர், யாழ்ப்பாணம் 40000 என்று வரிசையாக வரட்டும். 'வைரவர் கோயிலடி' போன்ற அடையாளத்தை அடைப்புக்குறிக்குள் சேர்த்தால் தபால்காரர் கோபிக்கமாட்டார். ஒரே பெயரில் பல ஒழுங்கைகள் இருக்கும் ஊர்களில் அது உதவி. தெற்குக்குப் போகும் கடிதத்துக்கு ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதுங்கள். வெளிநாட்டுக்கு ஆங்கில எழுத்தில், கடைசி வரியாக நாட்டின் பெயர் பெரிய எழுத்தில் தனியாக நிற்கவேண்டும். பெயரைத் தமிழிலும் எழுத ஆசையென்றால் ஆங்கில முகவரிக்கு மேலே ஒரு வரியாகச் சேர்க்கலாம்.

அனுப்புநர் முகவரி பின்பக்கத்தில், சிறிய எழுத்தில். முன்பக்கத்தில் பெரிதாக எழுதினால் கடிதம் ஊரைச் சுற்றி உங்கள் வீட்டுக்கே வரும்.

கறுப்பு, கடும் நீலம், கடும் சிவப்புத் தாளில் உறை செய்தால் முகவரியை வெள்ளைச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள். வெள்ளிப் பேனை வெளிச்சத்தில் மின்னும், கந்தோரின் மங்கல் வெளிச்சத்தில் தெரியாது.

எந்தப் பேனை நல்லது?

கடிதத்துக்கு ஒன்று, முகவரிக்கு வேறொன்று. முகவரிக்குப் போல்பொயின்ற் அல்லது தண்ணீரில் கரையாத மாக்கர். ஜெல் பேனை மினுக்கத் தாளில் காயாது. தேய்த்தால் அழியும் பேனையை முகவரிக்கு ஒருபோதும் எடுக்காதீர்கள். அதன் மை வெப்பத்தில் நிறமற்றுப் போகும்படி செய்யப்பட்டது, ஏறக்குறைய 60 பாகை போதும். சித்திரை வெயிலில் பூட்டிய வாகனத்துக்குள் கிடந்தால் முகவரி வெறுமையாகிவிடும்.

உள்ளே எழுதுவதற்கு ஊற்றுப்பேனை சுகமானது. தமிழ் எழுத்தில் சுழி அதிகம் என்பதால் தடித்த முள் வேண்டாம், ண, ஞ, ழ எல்லாம் அடைபட்டுவிடும். மெல்லிய முள், அல்லது நடுத்தரம். கொப்பி ஒற்றையில் மை பரவினால் அது பேனையின் பிழை அல்ல, தாளின் பிழை. வாங்கமுன் கடையிலேயே ஒரு புள்ளி வைத்துப் பத்து விநாடி பாருங்கள். புள்ளிக்கு ஓரத்தில் வேர் விட்டால் அந்தத் தாள் வேண்டாம்.

பேனையைக் கிணற்றுத் தண்ணீரில் கழுவவேண்டாம். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணக்கல், தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதுதான் முள்ளின் உள்ளேயும் படியும். பிடித்து வைத்த மழைத்தண்ணீர் இருந்தால் அதுவே ஆகச் சிறந்தது. நீர்வர்ணம் குழைக்கவும் அதையே எடுங்கள். சுண்ணாம்புத் தண்ணீரில் குழைத்த கடும் நிறம் காய்ந்தபின் சாம்பல் பூத்ததுபோல் தெரியலாம்.

வீட்டுப் பசை செய்வது எப்படி?

கோதுமை மா 2 மேசைக்கரண்டியைக் கால் கோப்பை பச்சைத்தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். ஒரு கோப்பைத் தண்ணீரை நாலைந்து கராம்போடு கொதிக்கவைத்து, கராம்பை எடுத்துவிட்டுக் கரைத்த மாவை மெல்ல ஊற்றிக் கிண்டுங்கள். மெல்லிய நெருப்பில் மூன்று நாலு நிமிடத்தில் வெள்ளை மாறிக் கண்ணாடித்தன்மை வரும். அப்போது இறக்குங்கள். ஆறும்போது இன்னும் இறுகும், ஆகவே கஞ்சியைவிடச் சற்றுத் தடிப்பில் நிறுத்தினால் சரி. வெளியே வைத்தால் இரண்டு நாள், குளிரூட்டியில் நாலைந்து நாள். புளித்த மணம் வந்தால் ஊற்றிவிடுங்கள்.

மாப் பசைக்குக் கரப்பொத்தான் வரும். ஆகவே அனுப்பப்போகும் கடிதத்துக்கு அது நல்லது, பல வருடம் பெட்டியில் வைக்கப்போவதற்கு வெள்ளைப் பசையே நல்லது. வெள்ளைப் பசை 2 பங்கு, தண்ணீர் 1 பங்கு.

ஒட்டுப்படம் காய்ந்ததும் உறை வளைந்துபோகிறது. ஏன்?

ஈரம் பட்ட தாள் விரியும், காயும்போது சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் ஈரமானால் அந்தப் பக்கம் சுருங்கி மற்றதை இழுக்கும். பசையை ஒட்டும் துண்டில் பூசுங்கள், உறையில் பூசாதீர்கள். பூசிய துண்டை அரை நிமிடம் விட்டு, விரிந்தபின் ஒட்டினால் குமிழி வராது. நடுவில் இருந்து ஓரத்துக்குத் தேய்க்கவேண்டும். பிறகு சொப்பின் பை ஒன்றை மேலேயும் கீழேயும் விரித்து, பாரமான புத்தகங்களுக்குள் ஓர் இரவு வைத்தெடுங்கள். மாரிக்காலத்தில் இரண்டு இரவு.

பத்திரிகைத் துண்டு ஒட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். செய்தித்தாளில் அமிலம் அதிகம், சில மாதத்தில் மஞ்சளாகும். அந்தப் பழுப்பு நிறம்தான் வேண்டுமென்றால் நல்லது. வெள்ளை வேண்டுமென்றால் போட்டோக்கொப்பி எடுத்து ஒட்டுங்கள்.

அழிறப்பரில் எழுத்து வெட்டினால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம்வலம் மாறி விழுகிறது.

பென்சிலால் மெல்லிய தாளில் சரியான பக்கமாகவே எழுதுங்கள், பென்சில் அழுத்தமாக இருக்கட்டும். தாளைக் கவிழ்த்து அழிறப்பரில் வைத்து நகத்தால் தேய்த்தால் எழுத்து தானாகவே திரும்பிப் பதியும். அதைப் பார்த்து வெட்டினால் அச்சில் நேராக விழும்.

வெட்டும்போது கவனிக்கச் சில விடயம். பிளேட்டின் நுனி எழுத்தை விட்டு வெளிப்பக்கம் போகும்படி சரித்துப் பிடியுங்கள், எழுத்தின் அடி அகன்று நிற்கும். நுனி எழுத்தின் உள்பக்கம் போனால் அடி ஒடுங்கி, நாலைந்து அச்சில் எழுத்து முறியும். ஆழம் 2 மில்லிமீற்றர் போதும். எழுத்தின் உயரம் 12 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. 'அ', 'ஞ', 'ண' ஆகியவற்றின் சுழிகளை முதலில் தோண்டுங்கள். சுற்றி வெட்டியபின் தோண்டினால் பிடிமானம் இல்லாமல் அசையும். முதல் அச்சுக்கு 'ட', 'ப' போன்ற நேர்கோட்டு எழுத்துகளை எடுப்பது புத்தி.

மை தொடும்போது அச்சை மைப்பெட்டியில் அழுத்தாமல் தட்டுங்கள். அழுத்தினால் பள்ளத்திலும் மை ஏறிச் சுழி நிறைந்துவிடும்.

நானே முத்திரை வடிவமைத்து ஒட்டலாமா?

ஓவியமாக ஒட்டலாம், கட்டணமாக அல்ல. தபால் கலையில் இதற்கென்றே தனி மரபு இருக்கிறது. பின்பக்கத்தில் ஒட்டுங்கள், உண்மையான முத்திரைக்குப் பக்கத்தில் வேண்டாம். 'இலங்கை' என்ற பெயரும் ரூபாய்த் தொகையும் போடாதீர்கள். திகதிக் குத்துப்போல் வட்டமாக றப்பர் அச்சுச் செய்து முத்திரையின்மேல் அடிப்பதும் விளையாட்டல்ல. ஏற்கெனவே பாவித்த முத்திரை என்று கந்தோரில் எடுத்துக்கொள்வார்கள்.

ஓரத்துத் துளைக்குத் தையல் மிசின் போதும். நூல் கழற்றிவிட்டு, 14ஆம் இலக்க ஊசியில், தையல் நீளத்தை 2 மில்லிமீற்றரில் வைத்துத் தாளின் மேல் ஓட்டுங்கள். 1.5க்குக் குறைத்தால் துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து தாள் அங்கேயே பிய்ந்துவிடும். தாள் ஊசியை மழுங்கடிக்கும், அந்த ஊசியைப் பிறகு துணிக்கு எடுக்கவேண்டாம்.

நக்கி ஒட்டும் பசைக்குக் கோந்து 2 பங்கைச் சூடான தண்ணீர் 3 பங்கில் ஊறவைத்துக் கரைத்து வடித்து, ஒரு சிட்டிகை சீனி சேருங்கள். சீனி இல்லாவிட்டால் காய்ந்த பசை வெடித்து உதிரும். சீனி கூடினால் ஈரக்காற்றில் கசியும், எறும்பும் வரும். விளாம் பிசின் கிடைப்பவர்கள் அதையே எடுக்கலாம், முன்னோர் மைக்குச் சேர்த்த பிசின்களில் அதுவும் ஒன்று.

பனையோலையில் எழுதி அனுப்பலாமா?

அழகாக வரும், ஆனால் ஓலையை மட்டும் தனியே தபாலில் விடாதீர்கள். குறுக்காக மடிந்தால் நாரோடு பிளக்கும். சார்வோலையில் (முற்றாத இளம் ஓலை) 3 சென்ரிமீற்றர் அகலம், 14 சென்ரிமீற்றர் நீளத்தில் ஈர்க்கு நீக்கி வெட்டி, மஞ்சள் கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவைத்து, நிழலில் பாரம் வைத்து உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் சுருளும். எழுத்தாணிக்குப் பதிலாகத் தடித்த ஊசியைப் பென்சில் கட்டையில் செருகி எழுதலாம். கீறியபின் எதுவும் தெரியாது, பயப்படவேண்டாம். விளக்குக் கரியை இரண்டு துளி நல்லெண்ணெயில் குழைத்துத் தேய்த்து, துணியால் துடைத்தால் கீறலுக்குள் மட்டும் கரி நிற்கும். பழைய ஏடுகளில் புள்ளி வைக்காததற்குக் காரணம் அப்போது விளங்கும். குத்தினால் ஓலை துளைபடும்.

ஓலையில் பசை பிடிக்காது, மேற்பரப்பு மெழுகுத்தன்மையானது. பிறிஸ்டல் போட்டில் நாலு கீறல் போட்டு, ஓலையின் நாலு மூலைகளையும் அதில் செருகுங்கள். எண்ணெய் நன்றாக உறிஞ்சும்வரை இரண்டு நாள் விட்டு, மெல்லிய தாள் வைத்து மூடி அனுப்புங்கள்.

கடிதத்துக்குள் வேறு என்ன வைக்கலாம்?

படம், பேருந்துச் சீட்டு, துணித்துண்டு, நூலில் பின்னிய பூ, பழைய கலண்டர் தாள். வைக்கக்கூடாதவை: விதை, மண், காய்ந்த பூ, வேப்பிலை, இறகு. அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இதில் மிகக் கடுமை, கனடாவும் மண்ணை விடாது. ஊர் மண்ணை ஒரு சிட்டிகை அனுப்பும் ஆசை பலருக்கு உண்டு. பிடித்து அழித்துவிடுவார்கள், கடிதமும் சேர்ந்து போகலாம். ஓலைக் கடிதமும் இந்தக் கண்ணில் தாவரப்பொருள்தான், அந்த நாடுகளுக்கு அதன் படத்தை அனுப்புவது பாதுகாப்பு. காசு, தாளோ சில்லறையோ, சாதாரணக் கடிதத்தில் வேண்டாம்.

எழுத்தும் படமும் மட்டும் இருந்தால் அது ஆவணம். பொருள் என்று ஏதாவது வைத்தால் வெளிநாட்டுக்குச் சுங்கப் படிவம் நிரப்பவேண்டி வரும். கந்தோரில் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

அரக்கு வைத்து மூடலாமா?

வெளி உறையில் வேண்டாம். இறுகிய அரக்கு சில்லுச் சில்லாக உடையும், 5 மில்லிமீற்றர் தடிப்பையும் தாண்டலாம். உள்ளே மடித்த கடிதத்தில் வையுங்கள். பெறுகிறவர்தான் உடைக்கவேண்டும், இயந்திரம் அல்ல.

மாரியில் என்ன செய்வது?

ஐப்பசி முதல் மார்கழி வரை மூன்று தொல்லை. மை பரவும், பசை வைத்த வெற்று உறைகள் தாமாகவே ஒட்டிக்கொள்ளும், தபால்காரரின் பையில் மழை படும். உறைகளுக்கு இடையில் மெழுகுத்தாள் வைத்து, மூடி இறுக்கமான மா ரின்னில் வையுங்கள். அடியில் ஒரு துணிப்பொட்டலத்தில் வறுத்து ஆறிய அரிசி ஒரு பிடி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி வறுக்கவேண்டும். முகவரியின்மேல் வெள்ளை மெழுகுதிரியை மெல்லத் தேய்த்தால் தண்ணீர் உருண்டோடும். முத்திரை ஒட்டும் மூலையில் மெழுகு படக்கூடாது. முத்திரையை செலோரேப்பால் மூடவும் கூடாது, திகதிக் குத்து விழாது.

தைப்பொங்கல் வாழ்த்தை வெளிநாட்டுக்கு டிசெம்பர் முதல் கிழமைக்குள் போடுங்கள். பிந்தினால் நத்தார் நெரிசலுக்குள் அகப்படும்.

உறை சரி. உள்ளே என்ன எழுதுவது?

பழைய யாழ்ப்பாணக் கடிதத்துக்கு ஒரு வடிவம் இருந்தது. மேலே நடுவில் பிள்ளையார் சுழி அல்லது 'சிவமயம்', வலப்பக்கம் ஊரும் திகதியும், 'அன்புள்ள மாமா, மாமிக்கு', 'நாங்கள் எல்லோரும் நலம், உங்கள் நலமறிய ஆவல்', அடுத்த வரியில் 'நிற்க'. அந்த 'நிற்க' ஓர் அருமையான சொல். நலம் விசாரித்தது போதும், இனி விசயத்துக்கு வருவோம் என்று ஒரே சொல்லில் திருப்பிவிடும். இறுதியில் 'இப்படிக்கு', மறந்ததைச் சேர்க்க 'பி.கு.'. எழுத வராமல் தடுமாறுகிறவர்களுக்கு இந்த வடிவம் நல்ல ஊன்றுகோல்.

'நிற்க'வுக்குப் பிறகு செய்தி எழுதாதீர்கள். செய்தி தொலைபேசியில் போய்விட்டது. தொலைபேசியில் சொல்லத் தோன்றாததை எழுதுங்கள்: கிணற்றில் தண்ணீர் எத்தனை முழம் இறங்கியிருக்கிறது, கறிமுருங்கை எந்தப் பக்கம் முறிந்தது, பக்கத்து வீட்டு மதிலின் நிறம், சோளகக் காற்றுத் தொடங்கிய அன்று முற்றத்தில் விழுந்தவை. ஒரே ஒரு சின்ன விசயத்தை அரைப் பக்கத்துக்கு எழுதினால் கடிதம் நிறைந்துவிடும். பத்து விசயத்தைப் பத்து வரியில் எழுதினால் அது பட்டியல்.

பதில் எழுதும்போது வந்த கடிதத்தைப் பக்கத்தில் வைத்து, அதில் கேட்ட கேள்விகளுக்கு முதலில் பதில் எழுதுங்கள். முடிக்கமுன் நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள், 'சுகமா' என்பதைத் தவிர்த்து.

எந்த நிறமும் பாவிக்கலாமா?

மூத்தவர்களுக்குப் போகும் கடிதத்தின் மூலைகளில் கறுப்புப் பூசாதீர்கள், கறுப்புக் கரையும் போடாதீர்கள். அது இழவுச் செய்தியின் அடையாளம், திறக்கமுன்னரே நெஞ்சு பதறும். மூலைக்கு மஞ்சள் தடவினால் நல்ல காரியம் என்று புரிந்துகொள்வார்கள். உண்மையான மஞ்சள் தூளின் நிறம் வெளிச்சத்தில் வெளிறிவிடும், பீற்றூட் சாறும் அப்படித்தான். நிலைக்கவேண்டுமென்றால் தேயிலைச் சாயம்: இரண்டு தேக்கரண்டி தூளை அரைக் கோப்பைக் கொதிதண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு வடித்தெடுங்கள்.

பேரப்பிள்ளைக்குத் தமிழ் வாசிப்பு கடினம். எப்படி எழுதுவது?

எழுத்துகளைச் சேர்த்தெழுதாமல் தனித்தனியாக, வரிக்கு 10 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு, ஒரு பக்கத்துக்கு ஆறேழு வரி. பேச்சுத்தமிழில் எழுதுங்கள், வீட்டில் காதால் கேட்ட சொல் என்றால் கண்டுபிடித்துவிடும். ஒரு வசனத்தில் ஒரு சொல்லுக்குப் பதிலாகப் படம் வரையுங்கள்: 'நேற்று (பூனை) பாலைக் குடிச்சுப்போட்டுது'. பதிலுக்கு எழுதச் சொல்லாமல் படம் வரைந்து அதில் ஒரே ஒரு தமிழ்ச் சொல் எழுதச் சொல்லுங்கள். திரும்பி வந்த கடிதத்தின் பிழைகளைச் சிவப்பில் திருத்தி அனுப்பினால் அதுவே கடைசிக் கடிதமாகிவிடும்.

என் கையெழுத்தைத் திருத்த முடியுமா?

முடியும். கோடு போட்ட ஒற்றையை அடியில் வைத்து, வெள்ளைத் தாளில் நாளுக்குப் பத்து நிமிடம் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் குழப்பம் தருவது எழுத்தின் முழு வடிவம் அல்ல, மூன்று சின்னப் பிழைகள். ஒன்று, 'ர'வின் கீழ்க்கோடு இல்லாமல் கால்போல் நிற்பது. இரண்டு, புள்ளி வைக்க மறப்பது. மூன்று, 'ன'வும் 'ண'வும் ஒரே சுழியாக முடிவது. இந்த மூன்றையும் திருத்தினாலே யாரும் வாசிப்பார்கள்.

வீட்டில் பழைய கடிதங்கள் ஒரு றங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. வெட்டி ஒட்டலாமா?

வேண்டாம். 1995 இடப்பெயர்வையும் அதற்குப் பின்னான அலைச்சலையும் தாண்டித் தப்பியவை பல வீடுகளில் அப்படி இருக்கின்றன. கைபேசியில் படமெடுத்து, அச்செடுத்து, அந்தப் பிரதியை வெட்டுங்கள். பகல் வெளிச்சத்தில், சன்னலோரமாக, நேரே மேலிருந்து எடுத்தால் நிழல் விழாது.

பெட்டிக்கு வருவோம். குண்டூசி, ஸ்ரேப்பிள், றப்பர் வளையம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். துருவும் உருகிய றப்பரும் தாளைத் தின்னும். கிழிசலுக்கு செலோரேப் ஒட்டாதீர்கள், பழுப்புக் கறை நிலையாக நிற்கும். அதைவிட, கரப்பொத்தான் பயம் இருந்தாலும், மெல்லிய தாள் துண்டும் மாப் பசையும் தேவலாம். லமினேற் செய்யவே கூடாது. பொலித்தீன் பைக்குள் ஈரம் அடைபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும், பருத்தித் துணியில் சுற்றி நிலத்தில் இருந்து உயரமாக வையுங்கள், கறையான் ஏறாத இடத்தில். தாளே உறையாக மடியும் நீல நிற வான் கடிதங்கள் ஒட்டியபடியே கிடந்தால் மூன்று பக்கமும் விளிம்பை மட்டும் பிளேட்டால் அறுத்துத் திறக்கவேண்டும். மடிப்போரத்திலும் எழுதியிருப்பார்கள், ஆழமாக வெட்டினால் ஒரு வரி போய்விடும்.

சனசமூக நிலையத்திலோ பாடசாலையிலோ இதை ஒரு வட்டமாக நடத்த முடியுமா?

பத்துப் பேர் போதும். இணைகளாகப் பிரிக்காமல் வட்டமாக நிறுத்துங்கள்: ஒவ்வொருவரும் வலப்பக்கத்தவருக்கு எழுதவேண்டும், இடப்பக்கத்தவரிடம் பெறவேண்டும். இணையில் ஒருவர் சோர்ந்தால் மற்றவருக்கு எழுத ஆளில்லை. வட்டத்தில் ஒருவர் விலகினால் அவருக்கு எழுதுகிறவர் அடுத்தவருக்கு எழுதலாம். பிள்ளைகளின் வீட்டு முகவரியைப் பரிமாறாமல் நிலையத்தின் அல்லது பாடசாலையின் முகவரியையே பாவியுங்கள்.

'சேர்த்து அனுப்பு' விளையாட்டுக்கு ஏ6 பிறிஸ்டல் அட்டை ஒன்று, ஐந்து முகவரிகள் எழுதிய சீட்டு ஒன்று. ஒவ்வொருவரும் ஒன்றைச் சேர்த்து, தன் பெயரை வெட்டி, அடுத்தவருக்கு அனுப்புவார். ஐந்துக்கு மேல் போனால் அட்டை எங்கோ நின்றுவிடும். வெளியாருக்கு அழைப்பு விடுவதென்றால் தலைப்பு, ஆகக்கூடிய அளவு, கடைசித் திகதி, முகவரி, 'திருப்பி அனுப்பப்படமாட்டாது' என்ற வரி, பங்கெடுத்தவர்களுக்கு எதை அனுப்புவீர்கள் என்பது ஆகிய ஆறும் இருக்கவேண்டும். கடைசித் திகதிக்கு மூன்று மாதமாவது விடுங்கள். காட்சிக்கு வைக்கும் நாளாக உலகத் தபால் தினமான ஒக்ரோபர் 9ஐ எடுக்கலாம், 1874இல் உலகத் தபால் ஒன்றியம் தொடங்கிய நாள் அது. ஆனால் மாரி நெருங்கும் காலம், சுவரில் ஒட்டாமல் கயிற்றில் கவ்விகளால் தொங்கவிடுங்கள். இரு பக்கமும் பார்க்கலாம்.

அனுப்பி இரண்டு மாதமாகிறது, பதில் இல்லை.

வெளிநாடென்றால் போக மூன்று கிழமை, வர மூன்று கிழமை, நடுவில் அவர் எழுதவும் நேரம் வேண்டும். அனுப்பமுன் முன்னும் பின்னும் படமெடுத்து வைத்திருந்தால் முகவரியைச் சரிபாருங்கள், பெரும்பாலும் அஞ்சல் குறியீட்டில் ஓர் எழுத்துத்தான் பிழைத்திருக்கும். தவறக்கூடாத கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டுப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். போய்ச் சேர்ந்தும் பதில் வராவிட்டால், அடுத்த கடிதத்தில் 'ஏன் எழுதவில்லை' என்று கேட்காமல், உங்கள் முகவரி எழுதிய வெற்று அட்டை ஒன்றை உள்ளே வைத்து அனுப்புங்கள். உங்கள் நாட்டு முத்திரை அங்கே செல்லாது, ஆகவே முத்திரை ஒட்டாமல்.